ராட்சதக் கணவாய்க்கும் கொமோடோ டிராகனுக்கும் சண்டை வந்தால்?

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார்: "ஏழாவது படிக்கும் என் மகனுக்கும் அவன் சித்தப்பா மகனுக்கும் ஒரு வாரமாக வாக்குவாதம். ஆழ்கடல் ராட்சதக் கணவாயும் கொமோடோ டிராகனும் மோதினால் எது ஜெயிக்கும்? இரண்டில் எது பெரிது? வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளில் எதை நம்புவது?" கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தண்ணீருக்குள் மட்டுமே வாழக்கூடிய ஓர் உடலையும் தரையில் நடமாடும் ஓர் உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதற்குப் பலம் அதிகம் என்று சொல்ல முடியுமா? "ஒப்பிடவே கூடாது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வது சுலபம். ஆனால் பையன்கள் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்துக்கு ஒழுங்கான பதில் வேண்டும். என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.

சேலத்தில் ஒரு கல்லூரியில் பல வருடங்களாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களோடு உட்கார்ந்து அறுத்துப் பார்த்தது மீன்கடையில் வாங்கிய ஊசிக்கணவாய். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் நின்று கவனித்தது நம் ஊர் உடும்பு. ராட்சதக் கணவாயை நான் தொட்டதில்லை, கொமோடோ தீவுக்குப் போனதும் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லத் துணிவதற்குக் காரணம் உண்டு. ஊசிக்கணவாயின் உடல் திட்டமும் ராட்சதக் கணவாயின் உடல் திட்டமும் அடிப்படையில் ஒன்றே. கொமோடோவும் நம் உடும்பும் வரானஸ் என்ற ஒரே பேரினம். சிறியதைக் கையில் வைத்துப் பழகியவருக்குப் பெரியதைப் பற்றிய ஆராய்ச்சிகளைப் படிக்கும்போது எது பொருந்துகிறது, எது மிகை என்று ஓரளவு பிடிபடும்.

முதலில் எந்தக் கணவாய் என்று முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் ஆழ்கடலில் பெரிய கணவாய் இரண்டு வகை இருக்கிறது. பகிரப்படும் படங்களில் இரண்டும் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று ஆர்க்கிடியூத்திஸ், வழக்கமாக ராட்சதக் கணவாய் என்று சொல்லப்படுவது. 1857இல் டென்மார்க்கைச் சேர்ந்த யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் அதற்குப் பெயர் வைத்தார். பெண் 12, 13 மீட்டர் வரை நீளும். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்: அந்த நீளத்தில் பெரும்பகுதி இரண்டு மெல்லிய பற்றுக்கைகள். தலைக்குப் பின்னால் இருக்கும் உடற்பை, அதாவது மேன்டில், இரண்டு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். எடை சுமார் 275 கிலோ வரை பதிவாகியிருக்கிறது. "இருபது மீட்டர் கணவாய்" என்று பழைய செய்திகளில் வருவதை நம்ப வேண்டாம். செத்துக் கரை ஒதுங்கிய கணவாயின் பற்றுக்கையை இழுத்தால் அது நீண்டுகொண்டே போகும். அப்படி இழுத்து அளந்த அளவுகள் அவை என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

இரண்டாவது கொலோசல் கணவாய். நீளத்தில் முன்னதைவிடக் குட்டை, பருமனில் பெரிது. 1925இல் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வயிற்றில் கிடைத்த கைத்துண்டுகளை வைத்து இப்படி ஓர் உயிரினம் இருக்கிறது என்று அறிவித்தார்கள். 2007இல் அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் டூத்ஃபிஷ் என்ற மீனுக்காக ஆயிரங்கால் தூண்டில் போட்டிருந்த நியூசிலாந்துக் கப்பலில், தூண்டிலில் மாட்டிய மீனைத் தின்றுகொண்டே மேலே வந்தது ஒன்று. எடை 495 கிலோ. அறிவியலுக்குக் கிடைத்த முதுகெலும்பில்லாத உயிரினங்களில் இதுவே மிகக் கனமானது. வெலிங்டன் நகரத்தின் தே பாபா அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. உறைநிலையிலிருந்து எடுத்து அளந்தபோது நீளம் 4.2 மீட்டர்தான் வந்தது. செத்தபின் உடல் சுருங்கிவிடும். இதன் வாயில் இருக்கும் கடினமான அலகைவிடப் பெரிய அலகுகள் திமிங்கல வயிறுகளில் கிடைத்திருக்கின்றன. அதனால் இன்னும் பெரியவை கடலில் உண்டு என்பதை நம்பலாம். எவ்வளவு பெரியவை என்று சொல்லப்படும் எண்கள் எல்லாம் கணக்குப் போட்டு ஊகித்தவை.

கொமோடோ பக்கம் விவரம் தெளிவு. இந்தோனேசியாவின் கொமோடோ, ரிஞ்சா, ஃபுளோரஸ், இன்னும் சில சின்னத் தீவுகள், அவ்வளவே அதன் உலகம். 1912இல் பீட்டர் ஓவென்ஸ் அறிவியல் பெயர் வைத்தார். உறுதியாக அளக்கப்பட்டவற்றில் பெரியது 3.13 மீட்டர், 166 கிலோ. அந்த எடையில் வயிற்றில் செரிக்காமல் இருந்த இரையும் சேர்த்தி. காட்டில் சாதாரணமாக வளர்ந்த ஆண் 70 முதல் 90 கிலோ இருக்கும். ஆக "எது பெரிது" என்ற கேள்விக்குத் தயக்கமில்லாமல் பதில் சொல்லலாம்: நீளத்தில் ராட்சதக் கணவாய், எடையில் கொலோசல் கணவாய். கொமோடோ இரண்டிலும் பின்னால்தான்.

ஆனால் எடையை வைத்துப் பலத்தை முடிவு செய்ய முடியாது. கொமோடோவின் 80 கிலோவில் எலும்பும் அதைப் பிடித்து இழுக்கும் தசையும் நிறைய. தன் எடை முழுவதையும் நாலு காலில் தூக்கிக்கொண்டு அது நடக்கிறது, கொஞ்ச தூரம் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவும் செய்கிறது. கணவாய்க்கு அந்த வேலையே இல்லை, அதன் எடையைக் கடல் தாங்கிக்கொள்கிறது. அதுமட்டுமல்ல, இந்த இரண்டு பெரிய கணவாய்களும் உடலுக்குள் அம்மோனியம் குளோரைடு கரைசலைத் தேக்கி வைத்திருக்கின்றன. கடல்நீரைவிட அது லேசானது, நீந்தாமலே மிதப்பதற்கு அந்த ஏற்பாடு. நாம் சமைக்கும் ஊசிக்கணவாயில் இது இல்லை. அது ஓயாமல் நீந்தும் சாதி, அதனால்தான் அதன் சதை இறுக்கமாக இருக்கிறது. ராட்சதக் கணவாயின் சதை நெகிழ்ந்தது, கசப்பும் அம்மோனியா நெடியும் உடையது. அந்த 275 கிலோவில் கணிசமான பகுதி மிதவைக்கான திரவம் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் தராசைப் பார்க்க வேண்டும்.

அது வாழும் ஆழத்தைப் பையன்களுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள். சேர்வராயன் கோயில் கடல் மட்டத்திலிருந்து 1,623 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்திலிருந்து நாம் அவ்வளவு ஏறியிருக்கிறோம். அந்த உயரத்தை அப்படியே தலைகீழாகக் கடலுக்குள் இறக்கினால், வழியில் பாதி தாண்டியதும் ராட்சதக் கணவாயின் வீடு வந்துவிடும். 2004இல் ஜப்பானின் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே சுனெமி குபோடெராவும் கியோய்ச்சி மோரியும் முதன்முதலாக உயிருள்ள ராட்சதக் கணவாயை அதன் சொந்த இடத்தில் படமெடுத்தது 900 மீட்டர் ஆழத்தில். ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும், ஆகவே அங்கே நாம் இருப்பதைப் போலத் தொண்ணூறு மடங்குக்கு மேல் அழுத்தம். கணவாய் நசுங்காததற்குக் காரணம் அதன் உடலுக்குள் காற்று நிரம்பிய அறை எதுவும் இல்லாததுதான். நுரையீரலோடு இறங்கும் கொமோடோவுக்கு அந்த வசதி கிடையாது.

அந்த 2004 படங்களில் ஒரு முக்கியமான சாட்சியம் இருக்கிறது. இரை கட்டிய தூண்டிலைக் கணவாய் நேரே வந்து தாக்கிப் பிடித்தது, ஒரு பற்றுக்கை கொக்கியில் மாட்டிக்கொண்டது, நாலு மணி நேரத்துக்கும் மேல் போராடிக் கடைசியில் கையை அறுத்துக்கொண்டு போனது. மேலே வந்த துண்டு மட்டும் 5.5 மீட்டர். அதற்கு முன்பு வரை பலர் இதைச் சும்மா மிதந்துகொண்டிருக்கும் சோம்பேறி என்றே நினைத்தார்கள். 2012இல் எடித் விடரும் குபோடெராவும் இருந்த குழு அதே கடலில் வீடியோவே எடுத்தது. ஜெல்லிமீன் ஒளிர்வதைப் போன்ற விளக்கைக் காட்டி அதை வரவழைத்தார்கள். ஒளியைப் பார்த்து இரை தேடி வருகிறது என்பது அதில் தெளிவானது. கொலோசல் கணவாயோ, அறிவித்து நூறு வருடம் கழித்து 2025 மார்ச்சில்தான் அதன் சொந்த இடத்தில் உயிரோடு படமாகியது. தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே 600 மீட்டர் ஆழத்தில், வெறும் 30 சென்டிமீட்டர் குட்டி. வளர்ந்த ஒன்று வேட்டையாடுவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆகவே "கொலோசல் கணவாய் இப்படித் தாக்கும்" என்று அனிமேஷனில் வருவதெல்லாம் உடற்கூற்றிலிருந்து செய்த ஊகம்.

ஆயுதங்களுக்கு வருவோம். கணவாய்க்கு எட்டுக் கைகள், இரண்டு நீண்ட பற்றுக்கைகள். ராட்சதக் கணவாயின் உறிஞ்சிகளின் விளிம்பில் பல் வைத்த கடின வளையம் உண்டு. ஸ்பெர்ம் திமிங்கலங்களின் தோலில் வட்ட வட்டத் தழும்புகளாகத் தெரிவது அவைதான். (தழும்பின் அகலத்தை வைத்துக் கணவாயின் அளவைக் கணக்குப் போடுகிறவர்களை நம்பாதீர்கள். திமிங்கலம் வளரும்போது தழும்பும் சேர்ந்து விரியும்.) கொலோசல் கணவாய்க்கு இன்னும் கொடுமையான ஏற்பாடு: கைகளிலும் பற்றுக்கைகளிலும் கொக்கிகள், பற்றுக்கையில் இருப்பவை சுழலக்கூடியவை. கைகளின் நடுவில் கிளி மூக்கு வடிவில் ஓர் அலகு. எலும்பே இல்லாத உடலில் இவ்வளவு கடினமான அலகு எப்படி நிற்கிறது என்பதற்கு 2008இல் ஹம்போல்ட் என்ற இன்னொரு வகைக் கணவாயை வைத்து அழகான விடை கண்டார்கள். நுனி மிகக் கடினம், சதையோடு சேரும் அடிப்பகுதி மிக மென்மை, நடுவில் படிப்படியாக மாறுகிறது. அதனால் கடிக்கும்போது சொந்தச் சதையே கிழிந்துவிடாது.

ஆனால் கணவாய்க்கு ஒரு வினோதமான கட்டுப்பாடு உண்டு. அதை ஒவ்வொரு வருடமும் ஊசிக்கணவாயில் மாணவர்களுக்குக் காட்டும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. அதன் மூளை வளையமாக இருக்கிறது, நடுத்துளை வழியாக உணவுக்குழாய் போகிறது. பெரிய கவளமாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து. அதனால் அலகால் சிறு சிறு துண்டாக வெட்டி, ராடுலா என்ற பல் நாக்கால் தேய்த்துத்தான் உள்ளே அனுப்பும். 495 கிலோ கொலோசல் கணவாய்க்கும் இதே விதிதான். ஆளை முழுசாக விழுங்கும் கணவாய்க் கதைகள் இந்த ஒரு குழாயிலேயே அடிபட்டுப் போகின்றன.

கொமோடோ இதற்கு நேர் எதிர். மண்டையோடும் தாடையும் நெகிழ்ந்து கொடுக்கும், பெரிய துண்டுகளை அப்படியே விழுங்கும். தன் எடையில் 80 சதவீதம் வரை ஒரே வேளையில் உள்ளே தள்ள முடியும். தாடை பலமானது என்று நினைப்போம், உண்மையில் அதன் கடிவிசை அதே அளவு முதலையோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. சேதம் வருவது இழுப்பில். ரம்பம் போல் பல் வைத்த வளைந்த பற்களைப் பதித்துவிட்டுக் கழுத்துத் தசையால் பின்னோக்கி இழுக்கும், சதை நீளவாக்கில் கிழியும். அந்தப் பற்களின் நுனியிலும் வெட்டு விளிம்பிலும் இரும்புச் செறிவான ஆரஞ்சு நிறப் பூச்சு இருப்பதை 2024இல் கண்டறிந்தார்கள். இது உறுதியான செய்தி, பரிசோதித்து வெளியிட்டது.

அதன் எச்சில் பற்றி வரும் செய்திதான் உறுதியில்லாதது. "வாயில் கொடிய பாக்டீரியா, கடித்துவிட்டால் இரை அழுகிச் சாகும்" என்பது பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களிலேயே இருந்தது, நானும் அப்படித்தான் படித்தேன். 2009இல் பிரையன் ஃப்ரை குழுவினர் கீழ்த்தாடையில் விஷச் சுரப்பிகள் இருப்பதைக் காட்டினார்கள். அந்தச் சுரப்பில் இரத்தம் உறைவதைத் தடுப்பவையும் இரத்த அழுத்தத்தை இறக்குபவையும் இருக்கின்றன. 2013இல் வளர்ப்பு கொமோடோக்களின் வாயைப் பரிசோதித்தபோது மற்ற ஊனுண்ணிகளின் வாயில் இருக்கும் பாக்டீரியாக்களைவிட விசேஷமாக ஒன்றும் கிடைக்கவில்லை. சுரப்பி இருக்கிறது என்பது உறுதி. ஆனால் வேட்டையில் இரையைக் கொல்வது விஷமா, பற்கள் கிழித்த காயமும் இரத்த இழப்புமா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. காயத்துக்குத்தான் முதலிடம் என்று நான் சாய்கிறேன். உடும்புகள் இரையைக் கவ்வி உதறுவதைக் கவனித்தால் அந்தக் கழுத்தின் வேகம் புரியும்.

அந்த விஷம் கணவாயிடம் வேலை செய்யுமா? யாரும் சோதித்ததில்லை, உடலியலை வைத்து ஓர் ஊகம் சொல்லலாம். அந்தச் சுரப்பு நம்மைப் போன்ற முதுகெலும்பிகளின் இரத்தம் உறையும் முறையைக் குலைப்பது. கணவாயின் இரத்தம் வேறு சாதி. ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு இல்லை, தாமிரம் கலந்த ஹீமோசயனின், அதனால் நீல நிறம். காயத்தை அடைப்பதும் நம் முறையில் நடப்பதில்லை, இரத்த அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அடைக்கும். மூன்று இதயங்கள், இரண்டு செவுள்களுக்கு இரத்தம் தள்ளும், ஒன்று மற்ற உடலுக்கு. ஆகவே விஷத்தில் கொமோடோவுக்குப் பெரிய லாபம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பற்கள் போதும், கணவாயின் சதை அவ்வளவு மென்மை.

சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. இவை இரண்டையும் நாம் ஆவேசமான கொலைகாரர்களாகக் கற்பனை செய்கிறோம். இரண்டும் உண்மையில் கடும் சிக்கனக்காரர்கள். கொமோடோ குளிர் இரத்த விலங்கு. வெயிலில் காய்ந்து உடலைச் சூடாக்கிக்கொள்ளும், அதற்காக உணவை எரிப்பதில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு பெரிய வேளை உணவு அதற்குப் போதும். பெரும்பாலும் பாதையோரம் அசையாமல் படுத்திருக்கும். நாக்கால் காற்றின் வாசனையை எடுத்துக்கொண்டே இருக்கும், காற்று சாதகமாக இருந்தால் சில கிலோமீட்டர் தூரத்துப் பிணத்தையும் கண்டுபிடித்துப் போகும். கொலோசல் கணவாய்க்கு 2010இல் ரூய் ரோசாவும் பிராட் சீபலும் ஒரு கணக்குப் போட்டார்கள்: ஐந்து கிலோ டூத்ஃபிஷ் ஒன்று கிடைத்தால் 500 கிலோ கணவாய் சுமார் 200 நாள் ஓட்டிவிடும், நாளைக்கு முப்பது கிராம் அளவுதான் தேவை. படித்ததும் என்னால் நம்ப முடியவில்லை. இது நேரடியாக அளந்தது இல்லை. அதே குடும்பத்துச் சிறிய கணவாய்களின் ஆற்றல் செலவை அளந்து, பெரிய உடலுக்கும் குளிர்ந்த நீருக்கும் விரித்துப் பார்த்த மதிப்பீடு. எண் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் காத்திருந்து பிடிக்கும் வாழ்க்கை என்ற முடிவு, அதன் தளர்ந்த உடலோடும் மிதவையோடும் பொருந்துகிறது.

கண்ணைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக: இரண்டு பெரிய கணவாய்களுக்கும் கண்ணின் குறுக்களவு 27 சென்டிமீட்டர் வரை இருக்கும். இருட்டில் வரும் ஸ்பெர்ம் திமிங்கலம் வழியில் இருக்கும் ஒளிரும் நுண்ணுயிர்களைக் கலைக்கும்போது உண்டாகும் மங்கலான வெளிச்சத்தை நூறு மீட்டருக்கு அப்பாலிருந்தே பார்ப்பதற்குத்தான் அவ்வளவு பெரிய கண் என்று 2012இல் ஒரு விளக்கம் வந்தது. மறு வருடமே, உடல் பெருத்தால் கண்ணும் அந்த விகிதத்தில் பெருக்கும், தனி விளக்கம் தேவையில்லை என்று மறுப்பும் வந்தது. எனக்கு முதல் விளக்கம் பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது நிரூபணம் ஆகாது.

சரி, சண்டை. ஆழ்கடலில் என்றால் சண்டையே நடக்காது. அண்டார்டிகக் கடலின் ஆழத்தில் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி. வெயிலை நம்பி வாழும் பல்லி அந்தக் குளிரில் சில நிமிடங்களில் விறைத்துவிடும், மூச்சும் முடிந்துவிடும். கணவாய் கைவைக்க வேண்டிய அவசியமே வராது. தரையில் என்றாலும் சண்டை நடக்காது. எலும்பில்லாத உடல் சொந்த எடையிலேயே சரிந்துவிடும், செவுள் ஒட்டிக்கொள்ளும், மூச்சு நிற்கும். கொமோடோ அதை ஒரு சாப்பாடாகத்தான் பார்க்கும். செத்ததைத் தின்பதில் அதற்குத் தயக்கமில்லை. அம்மோனியா நெடி பிடிக்குமா என்பது மட்டும் சந்தேகம்.

இரண்டும் உயிரோடு சந்திக்க ஒரே இடம் கடலின் மேற்பரப்பு. அது முற்றிலும் கற்பனையும் இல்லை. கொமோடோ தீவுக்குத் தீவு நீந்தக்கூடியது. ராட்சதக் கணவாயும் அபூர்வமாக மேலே வரும். 2015 டிசம்பரில் ஜப்பானின் தொயாமா விரிகுடாவில் ஒரு படகுத்துறைக்குள்ளேயே 3.7 மீட்டர் அளவில் ஒன்று உயிரோடு நீந்தியது, முக்குளிப்பவர் ஒருவர் பக்கத்தில் போய் நீந்தினார். அப்படி ஓர் இடத்தில் மோதினால்? ஆரோக்கியமான, முழு வளர்ச்சி பெற்ற கணவாய் என்றால் கைகளால் சுற்றிப் பிடித்துக்கொண்டாலே போதும், கொமோடோ மூச்சுக்குத் தவிக்கும். ஆனால் அப்படி மேலே வருபவை பெரும்பாலும் நோயுற்றவையோ இறக்கும் நிலையில் இருப்பவையோதான். அதனால் மேற்பரப்பில் என் ஓட்டு கொமோடோவுக்கு. இதை நிரூபிக்க வழியில்லை என்பதையும் பையன்களிடம் சேர்த்தே சொல்லுங்கள். அவர்களில் கணவாய்க் கட்சி யார் என்று நீங்கள் எழுதவில்லை. அவருக்கு ஆறுதலாக, ஆழத்தில் வெற்றி சந்தேகமில்லாமல் கணவாய்க்குத்தான்.

பெரிய பல்லிக்கும் கணவாய்ச் சாதிக்கும் உண்மையாகவே மோதல் நடந்த காலம் ஒன்று உண்டு. டைனோசர்களின் கடைசிக் காலகட்டமான கிரட்டேசியஸ் காலக் கடல்களில் மோசாசர் என்ற ராட்சதப் பல்லிகள் இருந்தன. டைனோசர் வகை இல்லை, பல்லி, பாம்பு வரிசையிலேயே வருபவை. அவற்றில் சில வகைகள் 10 மீட்டருக்கு மேல் வளர்ந்தன. அவற்றுக்கு உடும்பு நெருங்கிய சொந்தமா, பாம்பு நெருங்கிய சொந்தமா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. அதே கடல்களில் அம்மோனைட்டுகள் இருந்தன, சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த கணவாய் உறவினர்கள். 1960இல் அமெரிக்காவில் கிடைத்த ஓர் அம்மோனைட் ஓட்டில் வரிசையாக இருந்த துளைகளை மோசாசரின் பல் தடம் என்று எழுதினார்கள். படம் எல்லாப் புத்தகங்களிலும் ஏறியது. 1998இல் ஒரு குழு, மோசாசர் தாடையை இயந்திரமாகச் செய்து ஓடுகளைக் கடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, அந்தத் துளைகளில் பல, ஓட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்ந்த லிம்பெட் நத்தைகள் குடைந்தவை என்று வாதிட்டது. சில துளைகள் கடித்தவைதான் என்று 2001இல் மறுபடி பதில் வந்தது. எல்லாமே நத்தை வேலை என்று என்னால் ஏற்க முடியவில்லை. தாடையின் வளைவில் வரிசையாக, ஓட்டின் இரு பக்கமும் பொருந்தி வரும் துளைகளுக்கு நத்தை விளக்கம் கொஞ்சம் இழுவையாகத்தான் இருக்கிறது.

அந்த அம்மோனைட்டுகளைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் போனால், காரை பக்கத்துச் சிவந்த மண் ஓடைகளில் பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலடி வெளியே கிடக்கிறது. அம்மோனைட்டும், கணவாய்க்கு இன்னும் நெருங்கிய பெலெம்னைட்டும் அங்கிருந்து ஏராளமாகப் பதிவாகியிருக்கின்றன. அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் இதற்கென்றே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு விடுமுறைக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். நிலத்தில் கிடப்பதைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். இடம் மாறினால் அது எந்த அடுக்கில் இருந்தது என்ற விவரம் தொலைந்துவிடும், பிறகு அது அலங்காரக் கல்தான்.

உடும்பு பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் கேட்காவிட்டாலும். கன்னங்குறிச்சிக்கு மேலே உங்கள் வீட்டுப் பக்கத்து மலையிலேயே கொமோடோவின் சொந்தக்காரன் இருக்கிறான். வால் உட்பட ஒன்றே முக்கால் மீட்டர் வரை வளரும். காய்ந்த இலைகளைக் கிளறிக்கொண்டு, நாக்கை நீட்டி நீட்டி நடப்பான். குட்டிகள் மரம் ஏறும். கொமோடோவின் குட்டிகளும் இப்படித்தான், பெரியவற்றுக்கு இரையாகாமல் இருக்க முதல் சில வருடங்களை மரத்தில் கழிக்கின்றன. உடும்புக் கறி மூட்டுவலிக்கு, எண்ணெய் ஆண்மைக்கு என்று சொல்லி இன்னும் ரகசியமாக விற்கிறார்கள். அதில் எந்த மருத்துவப் பலனும் நிரூபிக்கப்படவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே அட்டவணையில், உடும்பு இருக்கிறது. பிடித்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. யாராவது விற்பதைப் பார்த்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இனி பையன்களுக்கு ஒரு வேலை. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் சுத்தம் செய்யாத ஊசிக்கணவாய் இரண்டு வாங்குங்கள், ஐஸில் வைத்ததாக இருந்தால் போதும். உறிஞ்சிகளை விரலால் தடவினால் விளிம்பில் சொரசொரப்பு தெரியும், அதுதான் பல் வளையம். கைகளை விரித்து நடுவில் அமுக்கினால் அலகு வெளியே வந்துவிடும். உடற்பையைக் கத்தரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி, முதுகுப் பக்கத்தில் இருக்கும் ஒளி ஊடுருவும் தகட்டை உருவுங்கள். அதன் முதுகெலும்புக்குப் பதிலாக இருப்பது அவ்வளவுதான். மைப்பை வெள்ளிப் பளபளப்போடு இருக்கும், அதைக் குத்திவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள், பிறகு அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கும். தலையை நடுவில் பிளந்தால் இரண்டு கண்களுக்கு இடையே மூளையைத் துளைத்துப் போகும் குழாயைப் பார்க்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், வெட்டு நேர் நடுவில் விழ வேண்டும்.

கடைசியாக ஓர் அளவு. உடற்பையின் நீளத்தையும், பற்றுக்கை நுனிவரையிலான மொத்த நீளத்தையும் ஸ்கேலில் அளந்து குறித்துக்கொள்ளட்டும். பிறகு உடற்பையை இரண்டு மீட்டராக்கினால் மொத்தம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போடச் சொல்லுங்கள். ராட்சதக் கணவாயின் 12 மீட்டரை அந்தக் கணக்கு எட்டாது. எங்கே குறைகிறது, எந்த உறுப்பு விகிதம் மீறி நீண்டிருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். என்ன வந்தது என்று இங்கேயே எழுதினால், அடுத்து எதைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன்.